பொம்மை ரயிலுக்கு எந்தத் தண்டவாளம்?

பொம்மை ரயில் வாங்கப் போகிறவர்கள் இன்ஜினைத்தான் பார்க்கிறார்கள். விளக்கு எரிகிறதா, ஊதுகிறதா, எத்தனை பெட்டி இழுக்கும் என்று கேட்கிறார்கள். அடியில் அடுக்கி வைத்திருக்கும் தண்டவாளத் துண்டுகளை யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் பணம் போகப்போவது அதில்தான். இன்ஜின் கெட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். தண்டவாளத்தில் ஒரு வகையைத் தொட்டுவிட்டால், பிறகு வாங்கும் ஒவ்வொரு வளைவும், பாதையைப் பிரித்துவிடும் பாயிண்டும், பாலமும் அதே வகையாக இருந்தாக வேண்டும். பத்து ஆண்டு கழித்து அந்த வகையைக் கம்பெனி நிறுத்திவிட்டால், வீட்டில் இருக்கும் மொத்த ரயில்வேயும் பரணுக்குப் போகும்.

ஆகவே அழகையும், அசல் ரயிலைப் போல இருக்கிறதா என்பதையும் இங்கே ஓரமாக வைத்துவிடுகிறேன். பார்க்கப்போவது இரண்டே கேள்விகள். பல நூறு முறை பூட்டிக் கழற்றிய பிறகும் ரயில் திக்காமல் ஓடுமா? இன்று வாங்கும் துண்டோடு இருபது முப்பது ஆண்டு கழித்து வாங்கும் துண்டு சேருமா? முதல் கேள்விக்குப் பதில் துண்டின் முனையில் இருக்கிறது. கம்பி தேய்வது குறைவு, உடைவது அபூர்வம். கெடுவதெல்லாம் ஒரு துண்டும் மறு துண்டும் சேரும் இடம்தான். இரண்டாம் கேள்விக்குப் பதில் கம்பெனியின் குணத்தில் இருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக் கருவியைக் கொண்டு சரிசெய்யக்கூடிய, வேறு கம்பெனியும் செய்து விற்கக்கூடிய எளிய இணைப்புதான் நெடுங்காலம் நிற்கிறது. இதற்குப் பெரிய விதிவிலக்கு ஒன்று உண்டு. அது ஜெர்மனியில் இருக்கிறது.

லயனல்: சுருட்டிய தகடும் மூன்று முளையும்

ஜோஷுவா லயனல் கோவன் நியூயார்க்கில் 1900-ல் தொடங்கிய லயனல், 1906-ல் மூன்று கம்பித் தண்டவாளத்தைக் கொண்டுவந்தது. 1915-ல் அது விற்கத் தொடங்கிய ஓ கேஜ், அதாவது ஓரக் கம்பிகளுக்கு இடையே ஒன்றேகால் அங்குலம், இன்றும் அமெரிக்காவில் உயிரோடு இருக்கிறது. நடுக்கம்பி வழியாக மின்சாரம் வருகிறது. ஓரக் கம்பிகள் இரண்டும் அது திரும்பிப் போகும் வழி. அசல் ரயிலில் ஏது மூன்றாவது கம்பி என்று மாதிரி ரயில்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நம்பகத்தைப் பார்த்தால் அந்த நடுக்கம்பிதான் வரம். ஒரு பக்கச் சக்கரத்தில் அழுக்குப் படிந்தாலும் மறுபக்கச் சக்கரம் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ரயில் ஒரு கண்ணியில் சுற்றி, வந்த பாதைக்கே எதிர்த்திசையில் திரும்பினாலும் ஷார்ட் சர்க்யூட் ஆகாது. இரண்டு கம்பித் தண்டவாளத்தில் இதே கண்ணியைப் போட்டால் பிளஸ்ஸும் மைனஸும் முட்டிக்கொள்ளும். அதற்கென்று தனி வயரிங் செய்ய வேண்டும்.

பழைய லயனல் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டைக் குழாயாகச் சுருட்டி, அதைத் தகட்டு ஸ்லீப்பர்களில், அதாவது கம்பிகளுக்கு அடியில் குறுக்கே கிடக்கும் சட்டங்களில், கவ்வ வைத்திருப்பார்கள். நடுக்கம்பிக்கும் ஸ்லீப்பருக்கும் நடுவே அட்டைபோன்ற காப்புத் துண்டு. ஒரு முனையில் மூன்று இரும்பு முளைகள், மறுமுனையில் மூன்று குழாய் வாய்கள். முளையை வாயில் செருகினால் இணைப்பு முடிந்தது. நல்ல நிலையில் இருக்கும் துண்டு செருகும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தடையே இல்லாமல் உள்ளே போனால் குழாய் வாய் விரிந்துவிட்டது என்று பொருள். அந்த இடத்தைத் தாண்டும்போது இன்ஜின் தளரும், விளக்கு மங்கும், அறையை இருட்டாக்கினால் சின்னப் பொறி தெரியும். மருந்து ஒரு குறடுதான். வாயை மெல்ல நெரித்துவிட்டால் பழைய பிடிப்பு வந்துவிடும். முளை துருப்பிடித்திருந்தால் பிடுங்கிவிட்டு வேறு முளை செருகலாம். காப்பு அட்டை கிழிந்திருந்தால் அதையும் மாற்றலாம். தாத்தா காலத்துத் துண்டு பேரன் வீட்டில் ஓடுவதற்கு இந்த எளிமைதான் காரணம்.

எதிரி துரு. கறுத்துப் போன கம்பியைக் கண்டதும் உப்புத்தாளை எடுப்பவர்கள் உண்டு. தேய்த்த அன்று பளபளக்கும். ஆனால் வெள்ளீயப் பூச்சு போய் உள்ளிருக்கும் இரும்பு வெளியே வந்துவிடும். அடுத்த மழைக்காலத்தில் முன்னைவிட மோசமாகத் துருப்பிடிக்கும். பாத்திரம் துலக்கும் இரும்பு நார் அதைவிட ஆபத்து. 1950 வாக்கிலிருந்து லயனல் பல இன்ஜின்களின் சக்கரத்துக்குக் காந்தம் ஏற்றியது, இரும்புக் கம்பியை இறுகப் பற்றி ஏற வேண்டும் என்பதற்காக. உதிர்ந்த நாரின் துணுக்குகளை அந்தக் காந்தம் பொறுக்கிக்கொண்டு மோட்டாருக்குள் சேர்த்துவிடும். துணியில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைப்பதே போதும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போல உப்புக்காற்று வீசும் ஊர்களில் இந்த வகையை வாங்குகிறவர்கள் துருவைப் பற்றி இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும். இன்னொன்று: லயனலின் டிரான்ஸ்பார்மர் அமெரிக்காவின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அன்றே கதை முடிந்தது. வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வைத்தாலும், 50 ஹெர்ட்ஸில் அது கூடுதலாகச் சூடாகும்.

இந்தப் பழைய தண்டவாளத்தைவிட நல்லதைச் செய்ய லயனலே முயன்றது. 1957-ல் சூப்பர் ஓ என்ற வகையைக் கொண்டுவந்தார்கள். பிளாஸ்டிக் ஸ்லீப்பர்கள் நெருக்கமாக, பார்வைக்கு அசல் மாதிரியே. நடுக்கம்பியை மெல்லிய செம்புப் பட்டையாக்கினார்கள், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. அந்தப் பட்டையின் கூரிய விளிம்பு இன்ஜினின் அடியில் இருக்கும் மின்சாரம் வாங்கும் உருளைகளில் பள்ளம் போட்டது. இணைப்பில் தொலைந்து போகக்கூடிய சின்னச் செம்புக் கவ்விகள் வேறு. 1966-ல் அதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டே கம்பெனி திவாலானது. பிறகு ஜெனரல் மில்ஸ் என்ற உணவுக் கம்பெனியின் கைக்குப் போய், இன்னும் சில கை மாறி, 2004 முதல் 2008 வரை மறுபடியும் திவால் நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்தது. இத்தனைக்கும் நடுவே குழாய்த் தண்டவாளம் மட்டும் வாழ்ந்தது. லயனல் இல்லாவிட்டால் அதைச் செய்ய மார்க்ஸ் போன்ற வேறு கம்பெனிகள் இருந்தன. தகட்டைச் சுருட்டத் தெரிந்த எந்தப் பட்டறைக்கும் அது பெரிய வித்தை இல்லை.

இன்றைய லயனல் பெட்டிகளில் வருவது ஃபாஸ்ட்ராக். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் ஜல்லி மேடையின் மேல் கம்பிகள். துண்டுகள் சொடுக்கிப் பூட்டிக்கொள்கின்றன. வயதானவர்களும் குழந்தைகளும் தரையில் போட்டு எடுக்க வசதி. அடியில் வெற்றிடமாக இருப்பதால் மொசைக் தரையில் ஓட்டினால் காது கொடுக்க முடியாத சத்தம். ஆனால் நூறு ஆண்டு பழைய முளைதான் மின்சாரத்தை இன்னும் கடத்துகிறது; பிளாஸ்டிக் கொக்கி பிடித்து வைக்க மட்டும். இந்த வேலைப்பிரிவினை நல்ல முடிவு. கொக்கி ஒன்று முறிந்தாலும் ரயில் ஓடும்.

1990-களில் எம்டிஎச் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனி கொண்டுவந்த ரியல்ட்ராக்ஸ் இதற்கு நேரெதிர்ப் பாடம். அதுவும் மேடை வைத்த தண்டவாளம், அதுவும் சொடுக்கிப் பூட்டுவதுதான். ஆனால் மின்சாரத்தைக் கடத்துவது முளை இல்லை, அடியில் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கும் மெல்லிய உலோகப் பட்டைகள். ஒரே இடத்தில் பூட்டி அப்படியே விட்டுவிட்டால் பிரச்சினை பெரிதாக வராது. பண்டிகைக்குப் பண்டிகை பூட்டிக் கழற்றினால் பட்டை வளைந்து அழுத்தம் குறையும். மேலிருந்து பார்த்தால் துண்டுகள் கச்சிதமாகச் சேர்ந்திருப்பதுபோல் இருக்கும். ரயில் மட்டும் நிற்கும். எந்த இணைப்பில் கோளாறு என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் புரட்டிப் போட வேண்டும். 2020-ல் கம்பெனியை நிறுவியவர் ஓய்வு பெறப்போவதாக அறிவித்ததும், இனி இந்தத் துண்டுகள் கிடைக்குமா என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. ஓ கேஜில் இறங்குவது என்று முடிவு செய்துவிட்டால், தரையில் ஓட்ட ஃபாஸ்ட்ராக், மேசையில் நிரந்தரமாகப் பதிக்கப் பழைய குழாய் வகை, இதுவே என் தேர்வு. நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவையில் செய்த திடமான கம்பியோடு வரும் அட்லஸ் கம்பெனியின் தண்டவாளம் துருவுக்கு அஞ்சாதது, பார்க்கவும் அழகு. ஆனால் காந்தச் சக்கர இன்ஜின்களுக்கு அதில் பிடி கிடைக்காது.

மார்க்லின்: விதிவிலக்கு

ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரில் 1859-ல் தகட்டுப் பொம்மைச் சமையல் சாமான்கள் செய்யத் தொடங்கிய மார்க்லின், 1891-ல் லைப்சிக் சந்தையில் தண்டவாளத்தோடு கூடிய ரயிலை வைத்தது. பிறகு வாங்கும் துண்டு முன்பு வாங்கியதோடு சேரும்படி அளவு வகுத்தார்கள் என்பதுதான் அதன் பெரிய விஷயம். வீட்டு மேசைக்கு ஏற்ற 16.5 மில்லிமீட்டர் கேஜ் ரயில் 1935-ல் வந்தது. அதிலிருந்து இன்றுவரை அவர்கள் ஒரு கொள்கையை விடவில்லை: இரு கம்பிகளும் மின்சாரம் திரும்பும் வழி, வரும் வழி நடுவில்.

முதலில் நடுவில் கம்பியே இருந்தது. 1950-களில் அதை ஸ்லீப்பருக்கு ஸ்லீப்பர் சின்னக் குமிழ்களாக மாற்றினார்கள். இன்ஜினின் அடியில் நீளமான உலோகச் சட்டம் ஒன்று அந்தக் குமிழ்களின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். ஒரே நேரத்தில் பல குமிழ்கள் அதைத் தொடுவதால் ஒன்றில் தூசி இருந்தாலும் பாதகமில்லை. சட்டம் வழுக்கிப் போகும்போதே குமிழைத் துடைத்துக்கொண்டும் போகிறது. நம்பகமாக மின்சாரம் வாங்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பொம்மை ரயிலில் பார்த்ததில்லை.

இதே அளவில் மூன்று தலைமுறைத் தண்டவாளங்கள் உண்டு. எம் வகை, ஜல்லியை மேலே அச்சடித்த தகடு. 2000 வாக்கில் தயாரிப்பு நின்றது. பழைய ஜெர்மன் வீடுகளின் பரண்களிலிருந்து இன்னும் மலிவாக வந்துகொண்டிருக்கிறது. தகட்டு நாக்குகள்தான் அதன் இணைப்பு. வளைந்தால் நிமிர்த்தலாம், ஆனால் லயனலைப் போலவே துரு இதற்கும் எமன். கே வகை 1969-ல் வந்தது. மேடை இல்லை, பிளாஸ்டிக் ஸ்லீப்பரும் கம்பியும் மட்டும். மேசையில் ஆணியடித்துப் பதிப்பவர்களுக்கானது. தரையில் போட்டு விளையாடினால் மூட்டுகள் சீக்கிரம் தளர்ந்துவிடும். சி வகை 1996-ல் வந்தது.

சி துண்டின் முனையைப் பாருங்கள். ஆண் முனை, பெண் முனை என்று இல்லை. இரு முனைகளிலும் ஒரே அமைப்பு. எப்படித் திருப்பினாலும் பூட்டும். 'கிளிக்' என்று கேட்டால் பூட்டிவிட்டது. அடியில் உலோகத் தகடுகள் வில்போல் அழுத்தி நிற்கின்றன. இப்போதுதான் ரியல்ட்ராக்ஸில் இதைத்தானே குறை சொன்னாய் என்று கேட்கலாம். வித்தியாசம், இங்கே தகடு மேடையின் உள்ளே ஒதுங்கி இருக்கிறது. பூட்டும்போது வழிகாட்டும் பிளாஸ்டிக் முதலில் சேர்ந்து, அதன் பிறகுதான் தகடுகள் தொடுகின்றன. கோணலாகச் செருகித் தகட்டை வளைக்கக் குழந்தை கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும். போதாததற்கு இரு கம்பிகளும் ஒரே மின்வழி என்பதால், ஒரு பக்க இணைப்பு தளர்ந்தாலும் மறுபக்கம் தாங்கும்.

என் கட்சிக்கு விதிவிலக்கு என்று சொன்னது இதனால்தான். சி இணைப்பை வேறு கம்பெனி செய்யவில்லை, வீட்டில் குறட்டால் சரிசெய்யவும் முடியாது. ஆனாலும் இதை நம்பலாம் என்று சொல்லக் காரணம், பழையதைக் கைவிடாத பழக்கம். எம் வகையோடு சேர்க்க 24951, கே வகையோடு சேர்க்க 24922 என்று பட்டியல் எண்ணோடு மாற்றுத் துண்டுகளைக் கம்பெனியே விற்கிறது. தாத்தாவின் தகட்டு வட்டத்தையும் இன்றைய பிளாஸ்டிக் மேடையையும் ஒரே ரயில் கடக்கலாம். 2009 பிப்ரவரியில் மார்க்லின் திவால் மனு கொடுத்தபோது பலரும் இத்தோடு முடிந்தது என்று எழுதினார்கள். தயாரிப்பு நிற்கவில்லை, 2013-ல் சிம்பா-டிக்கி குழுமம் வாங்கியது, சி தண்டவாளம் அதே அளவில் வந்துகொண்டே இருக்கிறது.

குறை, விலை. ஒரு பாயிண்டின் விலையில் மரத் தண்டவாளம் ஒரு பெட்டி முழுக்க வாங்கலாம். பாயிண்டை இயக்கும் மோட்டார்தான் இதில் முதலில் மண்டையைப் போடும். கையால் தள்ளும் பாயிண்டாக வாங்கிக்கொண்டு மோட்டாரைப் பிறகு யோசிப்பது புத்திசாலித்தனம். பழைய டிரான்ஸ்பார்மரோடு பெட்டி கிடைத்தால், தண்டவாளத்தை எடுத்துக்கொண்டு டிரான்ஸ்பார்மரை ஒதுக்கிவிடுங்கள். அவை 220 வோல்ட் காலத்துச் சரக்கு. வயரின் உறை பொடிந்து உதிர்ந்திருக்கும். குழந்தை கை வைக்கும் பொருளில் அந்தச் சேமிப்பு வேண்டாம்.

இரண்டு கம்பிகள்

உலகத்தில் மிகுதியாக விற்பது இரண்டு கம்பி வகைதான். ஒரு கம்பி பிளஸ், மறு கம்பி மைனஸ். பார்க்க அசலாக இருக்கும். பராமரிப்பில் உயிரை வாங்கும். ஒவ்வொரு சக்கரமும் ஒவ்வொரு கம்பியும் சுத்தமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மாற்று வழி கிடையாது. மாறியவர்கள் பட்ட பாட்டுக்கு ஹார்ன்பி டப்லோ ஒரு சாட்சி: 1938-ல் மூன்று கம்பியோடு பிரிட்டனில் வந்தது, 1959-ல் இரண்டு கம்பிக்கு மாறியது, 1964-ல் தாய்க் கம்பெனியே டிரையாங் குழுமத்தின் கைக்குப் போனது. அந்த இடைக்காலத்தில் வாங்கியவர்களிடம் ஒன்றோடொன்று சேராத இரண்டு ரயில்வேக்கள் மிஞ்சின.

இங்கே உலோகம்தான் முக்கியம். பித்தளைக் கம்பியில் படியும் ஆக்ஸைடு மின்சாரத்தைத் தடுக்கும், இரும்பு துருப்பிடிக்கும், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த நிக்கல் சில்வர் கறுத்தாலும் ஓரளவு கடத்திக்கொண்டே இருக்கும். பாக்மன் கம்பெனியின் ஈ-ஸீ ட்ராக்கில் இதைக் கண்டுபிடிக்க அட்டையைக்கூடப் படிக்க வேண்டாம்: மேடை கறுப்பாக இருந்தால் இரும்பு, சாம்பல் நிறமாக இருந்தால் நிக்கல் சில்வர். கறுப்பு மலிவு. கடலோர ஊரில் இருப்பவர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

இரண்டு கம்பி வகையில் நான் கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டுவது ஜப்பானின் காட்டோ யூனிட்ராக். அதுவும் 'என்' (N) என்ற எழுத்தால் குறிக்கும் அளவில், அதாவது கம்பிகளுக்கு இடையே 9 மில்லிமீட்டர் வைத்து ஓடும் சின்ன ரயில். கெடுவது இணைப்புதான் என்பதை ஒப்புக்கொண்டு வடிவமைத்த தண்டவாளம் இது. கம்பியின் முனையில் இருக்கும் இணைப்பான் பிளாஸ்டிக் உறைக்குள் அடங்கிய சின்ன உலோகக் கவ்வி. தளர்ந்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டலாம், தனியாக விற்கிறார்கள். தேயும் உறுப்பைத் துண்டிலிருந்து பிரித்துவிட்டதால் துண்டுக்கு வயதாவதில்லை. குறை என்று சொன்னால், அந்த வகையில் கூர்மையாகத் திரும்பும் 4-ஆம் எண் பாயிண்டில் ரயில் தடம்புரளும் தொல்லை பலருக்குத் தெரிந்த கதை. இடம் இருந்தால் 6-ஆம் எண்ணை வாங்குங்கள். அடுக்குமாடி வீட்டில் உணவு மேசையின் மேலேயே ஒரு ரயில்வே வேண்டும் என்றால் இதுதான் வழி. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். பெட்டியைத் தடத்தில் ஏற்றுவதற்கே பெரியவர் கை வேண்டும்.

லெகோ: தண்டவாளம் சொன்ன சொல் காத்தது, மின்சாரம் காக்கவில்லை

லெகோ ரயில் 1966-ல் வந்தது. அன்றிலிருந்து சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் மாறவில்லை. மாறியது மற்ற எல்லாமும். முதலில் 4.5 வோல்ட் பேட்டரி, பிறகு நடுவில் தனிக் கம்பி வைத்து 12 வோல்ட், 1991-ல் கம்பியின் மேல் உலோகப் பட்டை போர்த்திய 9 வோல்ட். இந்த 9 வோல்ட்தான் லெகோ ரயிலின் பொற்காலம் என்று ரசிகர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது: பேட்டரி வேண்டாம், துண்டுகளைப் பூட்டினால் மின்சாரம் தானாக ஓடும். 2006-ல் ரிமோட் வைத்த பேட்டரி ரயில் வந்தது. அடுத்த ஆண்டில் 9 வோல்ட் முடிந்தது. பிறகு பவர் ஃபங்க்‌ஷன்ஸ், 2018 முதல் ப்ளூடூத்தில் ஓடும் பவர்டு அப். இடையில் வந்த ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார், தனி பிளக்.

கோபப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் தண்டவாளத்தை மட்டும் தனியே பார்த்தால் கதை வேறு. 1991-ல் வந்த துண்டின் முனையும் இன்றைய பிளாஸ்டிக் துண்டின் முனையும் ஒன்றோடொன்று பூட்டும். பேட்டரி ரயில் இரண்டிலும் ஓடும். உலோகப் பட்டை வேண்டும் என்பவர்களுக்கு எஃப்எக்ஸ் பிரிக்ஸ் என்ற வேறு கம்பெனி 9 வோல்ட் வகைக்குப் பொருந்தும் தண்டவாளத்தைச் செய்து விற்கிறது; லெகோ தராத அகல வளைவுகளையும் விதவிதமான பாயிண்டுகளையும் டிரிக்ஸ்பிரிக்ஸ் போன்ற சிறு கம்பெனிகள் தருகின்றன. எளிய இணைப்பாக இருந்தால் மூலக் கம்பெனி கைவிட்டாலும் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று சொன்னது இங்கே மெய்யாகிறது. இன்று வாங்குவதானால் பவர்டு அப் ரயிலை அதன் கைரிமோட்டோடு வாங்குங்கள். செல்போன் செயலியை மட்டும் நம்பி வாங்கினால், முப்பது ஆண்டு கழித்து அந்தச் செயலி எந்தப் போனில் இயங்கும்?

மின்சாரமே இல்லாத கம்பிகள்

தண்டவாளத்தில் மின்சாரம் ஓடாவிட்டால் பாதித் தொல்லை போய்விடுகிறது. துரு இல்லை, அழுக்கு இல்லை, தளர்ந்த இணைப்பு என்றால் சக்கரம் ஒரு குலுங்கு குலுங்கிப் போய்விடும், அவ்வளவுதான். பொறுமையில்லாத வீட்டுக்கு இதுவே உத்தமம்.

ஜப்பானின் டோமி, இன்றைய தகாரா டோமி, 1959-ல் நீலப் பிளாஸ்டிக் தண்டவாளத்தோடு கையால் தள்ளும் ரயிலை விற்றது. 1961-ல் மோட்டார் வைத்தது. பிளாரெயில் என்ற அந்தப் பொம்மை ஜப்பானில் தலைமுறைகளைத் தாண்டி ஓடுகிறது. அன்றைய நீலத் துண்டு இன்றைய நீலத் துண்டோடு பூட்டும். ஒரு நேர்த்துண்டு 216 மில்லிமீட்டர், எட்டு வளைவு ஒரு வட்டம்; இந்தக் கணக்கை அவர்கள் மாற்றவே இல்லை. பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் என்பதால் முனையில் இருக்கும் நாக்கு மிதித்தால் வளையும், எளிதில் முறியாது. பேட்டரி இன்ஜினுக்குள் இருக்கிறது. இன்ஜின் தேயும், பல்சக்கரம் பல் உதிரும், இன்னொன்று வாங்கலாம். தண்டவாளம் அப்படியே இருக்கும். நம் கடைகளில் எளிதாகக் கிடைக்காது என்பதுதான் குறை. சொந்தக்காரர் யாராவது ஜப்பான் பக்கம் இருந்தால் ஊருக்கு வரும்போது பெட்டியில் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இதோடு தாமஸ் ரயிலின் டிராக்மாஸ்டர் வகையை ஒப்பிட்டால் கம்பெனியின் குணம் என்று நான் சொன்னது விளங்கும். 2014-ல் ஃபிஷர்-பிரைஸ் அதன் தண்டவாள வடிவத்தை மாற்றியது. பழைய துண்டு புதிய துண்டோடு நேரே சேராது. அண்ணனுக்கு வாங்கிய தண்டவாளம் தம்பிக்கு வாங்கிய ரயிலோடு வந்த தண்டவாளத்தில் பொருந்தவில்லை என்றால், எந்தப் பெற்றோருக்கும் எரிச்சல் வரும்.

மரத் தண்டவாளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை, அதுவே அதன் பெருமை. ஸ்வீடனின் பிரியோ 1958-ல் கொண்டுவந்த அமைப்பு: பீச் மரம், மேலே இரண்டு பள்ளம், ஒரு முனையில் உருண்டைத் தலை முளை, மறுமுனையில் அதற்கேற்ற குழி. கம்பெனி 2015-ல் ராவன்ஸ்பர்கரிடம் போனது, முளை மாறவில்லை. ஐகியாவின் லில்லபோ உட்படப் பல கம்பெனிகள் இதே அளவை ஒட்டிச் செய்வதால் கலந்து வாங்கலாம், சில ஜோடிகள் கொஞ்சம் தளர்வாகவோ இறுக்கமாகவோ இருக்கும். ஈரமான மாதங்களில் மரம் ஊதி முளை குழிக்குள் சிக்கும். மெழுகுவர்த்தியால் ஒரு தேய் தேய்த்தால் சரியாகும். முளை முறிந்தால் துளை போட்டு வேறு முளை ஒட்டத் தெருமுனைத் தச்சருக்குப் பத்து நிமிடம்.

யாருக்கு எது

மூன்று வயதுக் குழந்தைக்கு மரம். இதில் யோசனைக்கே இடமில்லை. நான்கிலிருந்து எட்டு வயது வரை, ரயில் தானாக ஓட வேண்டும், பெரியவர் பக்கத்தில் உட்கார நேரம் இல்லை என்றால் பிளாரெயில். வீட்டில் ஏற்கெனவே லெகோ மூட்டையாக இருந்தால் அதே வழியில் போகலாம். ரயிலுக்காகவே புதிதாக லெகோவில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், தண்டவாளம் பிழைத்தாலும் மோட்டாரை இன்னொரு முறை மாற்ற மாட்டார்கள் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. மின்சார ரயில்தான் வேண்டும், பணம் ஒருமுறை போனாலும் பரவாயில்லை, பிள்ளைகள் வளர்ந்து அவர்கள் பிள்ளைகளும் ஓட்ட வேண்டும் என்பவருக்கு மார்க்லின் சி. இடம் குறைவு, கை நேர்த்தி உண்டு என்றால் காட்டோ. லயனல், அமெரிக்காவில் இருப்பவர்களுக்கும் அங்கிருந்து பெட்டி வந்து சேர்ந்தவர்களுக்கும் மட்டும்.

பழையது வாங்குவதானால், விற்பவர் ரயிலை ஓட்டிக் காட்டினால் மட்டும் போதாது. வட்டத்தைக் கழற்றச் சொல்லி, நீங்களே மறுபடி பூட்டி ஓட்டிப் பாருங்கள். டிரான்ஸ்பார்மரை இணைத்த இடத்துக்கு நேரெதிர்ப் பக்கத்தில் இன்ஜின் தளர்கிறதா என்று கவனியுங்கள். தளர்ந்தால் இணைப்புகள் மின்சாரத்தை விழுங்குகின்றன. பெரிய வட்டமாக இருந்தால் எதிர்ப்பக்கத்துக்கு இன்னொரு ஜோடி வயர் கொடுத்தே அதைச் சரிசெய்துவிடலாம், அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கவும் செய்யலாம். எந்த வகையானாலும் பாயிண்டில் கையிருப்பு இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வகையை நிறுத்தும்போது கடையில் முதலில் தீர்ந்து போவது அதுதான். நேர்த்துண்டு எப்போதும் எங்காவது கிடைக்கும்.